முன்னோர் கொப்பரையில் உப்பு

உப்பைப் போட்டது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் எங்கள் பெல் மோர்ன் ஊரில் இன்னும் நாலு பேர் வேறு மாதிரி சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். அதில் முதல் ஆள் என் பெரியப்பா மகன் கனூட். என்னைவிட எட்டு மாதம் மூத்தவன், அந்த எட்டு மாதத்துக்காக ஐம்பத்து நாலு வருடமாக அவனை அண்ணன் என்று கூப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். படகு கட்டுகிறவன். கை சும்மா இருந்தாலும் வாய் சும்மா இருக்காது.

கரீபியன் கடலில் இருக்கிற எங்கள் கரியாகூ தீவில் யாரைக் கேட்டாலும் என் சமையலைப் பற்றிச் சொல்வார்கள். பள்ளிக்கூடச் சமையலறையில் இருபத்திரண்டு வருடம். கல்யாணம், கருமாதி, புதுப் படகு கடலில் இறக்குவது, எதுவானாலும் கரண்டி என் கையில்தான். ஆகஸ்ட் ஒன்று, அடிமை விடுதலை நாள் சமையலும் என்னுடையது. அன்றைக்கு இரண்டு கொப்பரை ஏற்றுவோம். எஸ்டேட்டில் கரும்புச் சாறு காய்ச்சின அதே கொப்பரைகள்தான், எங்கள் ஆட்கள் விடுதலை ஆனபோது உருட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். ஒன்று உயிரோடு இருக்கிறவர்களுக்கு. மற்றொன்று முன்னோருக்கு.

முன்னோர் கொப்பரையில் உப்புப் போடக் கூடாது. யாரும் ருசி பார்க்கவும் கூடாது. அவர்கள் தட்டு முதலில் வீட்டுக்குள் ஒரு தனி அறைக்குப் போக வேண்டும், கதவைச் சாத்த வேண்டும், அதற்கப்புறம்தான் மற்றவர்கள் சாப்பிட உட்காரலாம். எஸ்டேட்டில் கொடுத்த உப்புக் கருவாட்டையும் உப்புக்கண்டத்தையும் தின்று உடம்பு கனத்துப் போனதால்தான் கடலுக்கு மேலே பறந்து ஆப்பிரிக்காவுக்குத் திரும்ப முடியாமல் போனார்கள் என்று சொல்வார்கள். செத்த பிறகாவது உப்பில்லாமல் சாப்பிட்டு லேசாகட்டும் என்றுதான் இந்த ஏற்பாடு. இதையெல்லாம் நான் நம்புகிறேனா என்று கேட்காதீர்கள். உப்புப் போடக் கூடாது, அவ்வளவுதான்.

இனி அம்மாவின் கல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது இல்லாமல் இந்தக் கதையே இல்லை.

என் அம்மா எஸ்மினா போய் நாலு வருடம். எங்கள் பக்கத்தில் புதைத்த உடனே கல் நட மாட்டோம். கல் செதுக்கி வர வேண்டும், ஆடு வளர வேண்டும், வெளியூர்ச் சொந்தமெல்லாம் கப்பல் ஏறி வர வேண்டும். விருந்து வைத்து, மேளம் அடித்து, அப்புறம்தான் கல்லை நிறுத்துவோம். கல் நிற்கிறவரை செத்தவர் பாதி வழியில் நிற்கிறார் என்று அர்த்தம். அம்மாவின் கல் செதுக்கி வந்து இரண்டரை வருடம் ஆகிறது. வெள்ளைத் துணி சுற்றி, அவள் படுத்த கட்டிலிலேயே படுக்க வைத்திருக்கிறேன். வழக்கப்படி ஒரு ராத்திரி படுக்க வேண்டிய கல், இரண்டரை வருடமாகப் படுத்திருக்கிறது.

காரணம் வேலி. கல் வந்த அதே மாதம் வேலியும் வந்தது. ஊரின் செத்தவர்கள் எல்லோரும் கிடக்கிற சரிவு இருக்கிறதே, அது பத்திரத்தில் ஹார்க்ரோவ் எஸ்டேட்டாம். எஸ்டேட் மூடி எண்பது வருடம். அந்தக் குடும்பத்தில் ஒருத்தர் முகத்தைக்கூட நாங்கள் பார்த்ததில்லை. ஆனால் அங்கிருந்து பார்த்தால் கடல் நன்றாகத் தெரியும். கடல் தெரிகிற இடம் ஹோட்டல்காரன் கண்ணில் படாமல் போகுமா? முள்கம்பி, பூட்டு, போர்டு எல்லாம் வந்தது. அம்மா அந்தப் பக்கம், அவள் கல் இந்தப் பக்கம். கல் வந்த அன்றைக்கு வாங்கின ஆட்டுக்குட்டி வளர்ந்து கொழுத்து, கொல்லையில் கட்டின கயிற்றை அறுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுப் பட்டாணிச் செடியை மேய ஆரம்பித்துவிட்டது. விருந்துக்கு எல்லாம் தயார், போக வழிதான் இல்லை.

இந்த நிலையில்தான் ஜூன் மாதம் லண்டனிலிருந்து ஒரு கடிதம் வந்தது. ஹ்யூ ஹார்க்ரோவ் என்று ஒருத்தன். தன் குடும்பம் எங்கள் ஊரில் நூற்றுப் பதினேழு பேரை அடிமையாக வைத்திருந்ததைப் பழைய காகிதங்களில் பார்த்தானாம். தூக்கம் வரவில்லையாம். விடுதலை நாளில் நேரில் வந்து எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்க அனுமதி வேண்டுமாம்.

இமெல்டாவின் மளிகைக் கடையில் ஊர்க் கமிட்டி கூடியது. கமிட்டித் தலைவன் கனூட். கடிதத்தை மூன்று தரம் படித்துவிட்டு அவன் மேஜையைத் தட்டினான்.

"இவனை விடக் கூடாது. விடுதலை அன்னிக்கு இங்கிலாந்து அரசாங்கம் யாருக்குக் காசு குடுத்துச்சு? அடிமைய வச்சிருந்தவனுக்கு. அடிமையா இருந்தவனுக்கு என்ன கெடச்சுது? இன்னும் நாலு வருஷம் சம்பளமில்லாத வேலை. இப்ப நாம நஷ்டஈடு கேக்கறோம். நாடு நாட்டைக் கேக்குது. இவன் இங்க முட்டி போட்டான்னா, அதை வீடியோ எடுத்துத் தலைநகரத்துக்கு அனுப்பலாம்."

இமெல்டா தராசைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். "காசு வந்தா என்ன ஆகும்னு நான் சொல்லட்டா? தலைநகரத்துல, செயின்ட் ஜார்ஜஸ்ல ஒரு ஆபீஸ் தெறப்பாங்க. ஆபீசுக்கு ஒரு காரு வாங்குவாங்க. காரு இந்த மலை ஏறாது. நாமதான் கப்பல் ஏறிப் போய் வரிசையில நிக்கணும். ஆறிப் போன புண்ணை எதுக்குண்ணே சொறியற?"

"ஆறிப் போச்சா? நீ சோத்துல உப்புப் போட்டுத்தான திங்கற?"

"உப்பு உன்கிட்ட வாங்கல, என் கடையில இருக்கு. பழைய பாக்கியக் குடுத்துட்டு அப்புறம் பேசு."

எல்லோரும் சிரித்தார்கள். கனூட்டும் சிரித்தான். எனக்கு இரண்டு பேர் சொன்னதும் சரி என்றுதான் பட்டது. கொடுக்க வேண்டியதைக் கொடுக்கத்தான் வேண்டும், வாங்குகிறவன் எங்கள் மலை ஏற மாட்டான் என்பதும் உண்மை. ஆனால் என் தலையில் வேறு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. வருகிறவன் ஹார்க்ரோவ். வேலியும் ஹார்க்ரோவ்.

"அவன்கிட்ட அந்தச் சரிவைக் கேக்கணும்" என்றேன்.

கனூட் கையை உயர்த்தி என்னை நிறுத்தினான். "வெர்னெட்டா, அவசரப்படாத. நாம பெரிசா கேக்கப் போறோம். நீ முந்திக்கிட்டு ஒரு புதைமேட்டைக் கேட்டா அதைக் குடுத்துட்டுக் கணக்கு முடிஞ்சுதுன்னு போயிடுவான். உன் அம்மா கல்லு வேற, நாட்டு விஷயம் வேற."

வாயை மூடிக்கொண்டேன். அது எனக்கு வழக்கமில்லாத வேலை. ஒன்றரை மாதம் அதை வயிற்றிலேயே வைத்திருந்தேன்.

ஹ்யூ வந்தான். நாற்பது வயது இருக்கும், வெயிலில் மூக்கு தக்காளி மாதிரி ஆகியிருந்தது. எஸ்டேட் துரை என்றால் சின்ன வயதில் நான் நினைத்துப் பார்த்த உருவம் வேறு. இவன் பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்துகிறவன் மாதிரி இருந்தான், விசாரித்தால் அதேதான் வேலை. காலை எட்டு மணிக்குக் கொல்லைக்கு வந்து, "மிஸ் வெர்னெட்டா, நான் ஏதாவது உதவி செய்யலாமா?" என்று கேட்டான். சட்டைப் பையில் நாலாக மடித்த காகிதம் எட்டிப் பார்த்தது. அன்று சாயங்காலம் படிக்கப் போகிற மன்னிப்பு.

சமையல் நேரத்தில் உதவி கேட்டு வருகிறவர்களைப் போல உபத்திரவம் கிடையாது. ஒரு சுரைக்குடுக்கை நிறைய உப்பைக் கொடுத்து, "இதைப் புடிச்சுக்கிட்டு இங்கயே நில்லுப்பா. நான் கை நீட்டினா நீ குடுக்கையை நீட்டு" என்றேன். சொன்னபடி நின்றான். புகை கண்ணில் போய்த் தண்ணீர் கொட்டினாலும் நகரவில்லை. இடது பக்கம் முன்னோர் கொப்பரை, வலது பக்கம் எங்கள் கொப்பரை, நடுவில் நான். இரண்டிலும் ஆட்டுக்கறி கொதித்துக்கொண்டிருந்தது.

இந்தக் கொப்பரை முன்னால் நிற்கும்போது பேசக் கூடாது என்று அம்மா சொல்வாள். அவள் உதட்டில் ஒரு புல்லைக் கவ்விக்கொண்டுதான் கிண்டுவாள். எனக்கு எந்தப் புல்லும் பத்தாது.

பத்து மணிக்குக் கனூட் வந்தான். "ஏற்பாடு எல்லாம் முடிஞ்சுது. முதல் ஆட்டத்துல இவனும் வளையத்துக்குள்ள முட்டி போடறான்."

எனக்குச் சுருக்கென்றது. பெரிய மேளம் என்கிற எங்கள் சடங்கில் முதல் ஆட்டம் மன்னிப்பு ஆட்டம். நாங்கள் முட்டி போட்டு எங்கள் முன்னோரிடம் கேட்போம், வருடம் முழுவதும் மறந்ததற்கு, சண்டை போட்டதற்கு, தட்டு வைக்காமல் விட்டதற்கு. அது வீட்டு விஷயம்.

"அந்த ஆட்டம் நம்ம ஆளுங்க நம்ம ஆளுங்ககிட்ட கேக்கறது" என்றேன். "இவன் போய்ச் செத்தவங்ககிட்ட என்ன கேக்கறது? உசுரோட இருக்கறவங்களுக்குச் செய்ய வேண்டியதைச் செஞ்சானா முதல்ல?"

"மெதுவாப் பேசு, பக்கத்துல நிக்கறான்."

"நிக்கட்டும். காது இருக்கில்ல, கேக்கட்டும். என் அம்மாவைக் கம்பி வேலிக்குள்ள வச்சுப் பூட்டிட்டு இங்க வந்து முட்டி போட்டா அவ எந்திரிச்சு ஆசீர்வாதம் பண்ணுவாளா?"

"வெர்னெட்டா, இருநூறு வருஷத்துக் கணக்கு இது. உனக்கு உன் அம்மா கல்லைத் தவிர வேற ஒண்ணும் கண்ணுல படாதா?"

"படாதுண்ணே. நீ நூத்துப் பதினேழு பேருக்காகப் பேசு. நான் ஒருத்திக்காகப் பேசறேன். அவ என்னைப் பெத்தவ."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இப்படிக் கத்திக்கொண்டே கையை நீட்டினேன், குடுக்கை வந்தது, அள்ளிப் போட்டேன். மறுபடி நீட்டினேன், அள்ளினேன், போட்டேன். மூன்று கை. கனூட்டின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேனே தவிரக் கொப்பரையைப் பார்க்கவில்லை.

அவன் கோபித்துக்கொண்டு போய்விட்டான். நான் அடுப்பில் விறகைத் தள்ளிவிட்டு அரிசியைப் பார்க்கப் போனேன். ஹ்யூ குடுக்கையோடு அதே இடத்தில் நின்றான். காதெல்லாம் சிவந்திருந்தது, வெயிலால் அல்ல.

பன்னிரண்டு மணிக்கு இமெல்டா எங்கள் கொப்பரையில் கரண்டி விட்டு உள்ளங்கையில் ஊற்றி நக்கிப் பார்த்தாள். முகம் சுளித்தாள்.

"என்ன வெர்னெட்டா, சப்புன்னு இருக்கு? உப்பே போடலியா?"

"போட்டேனே" என்றேன்.

சொன்ன உடனே எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. போட்டேன். ஆனால் எதில்? இமெல்டா குடுக்கையைப் பார்த்தாள். பாதிக்கு மேல் காலி. இடது பக்கக் கொப்பரையைப் பார்த்தாள். ருசி பார்க்கவும் முடியாது, பார்க்கத் தேவையும் இல்லை. காய்கறி நறுக்கிக்கொண்டிருந்தவர்கள் கத்தியைக் கீழே வைத்தார்கள். சத்தம் கேட்டுக் கனூட் திரும்பி வந்தான். எல்லோருடைய பார்வையும் என் மேல் ஒரு நொடி நின்றுவிட்டு, என் பின்னால் குடுக்கையோடு நின்றவன் மேல் போய் உட்கார்ந்தது.

"அதுல உப்புப் போடக் கூடாதா?" என்று ஹ்யூ மெதுவாகக் கேட்டான்.

"கூடாது" என்றாள் இமெல்டா. ஏன் என்று இரண்டு வரியில் சொன்னாள்.

அவன் என்னைப் பார்த்தான். என் முகத்தில் என்ன இருந்ததோ தெரியாது. பிறகு எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னான். "அப்ப தப்பு என்னோடதுதான். உதவி பண்றதா நெனச்சு நான்தான் கொட்டிட்டேன். மன்னிச்சிடுங்க. ரொம்ப மன்னிச்சிடுங்க."

கனூட்டுக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? "பாத்தீங்களா! இருநூறு வருஷம் கழிச்சு வந்தும் நம்ம செத்தவங்க வாயில உப்பைக் கொட்டிட்டுத்தான் நிக்கறான்" என்று ஆரம்பித்தான். யாரோ ஆமாம் போட்டார்கள். யாரோ அசிங்கமாகத் திட்டினார்கள். ஹ்யூ தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டான்.

நான் வாயைத் திறக்கவில்லை. பொய் சொல்லக் கூடாது, எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. இருபத்திரண்டு வருடப் பேர். கை தவறினவள் என்று ஒரு தரம் சொல்லிவிட்டால் அடுத்த வருடம் கரண்டியை வேறு ஒருத்தி கையில் கொடுப்பார்கள். அவனுக்கென்ன, மூன்று நாளில் கப்பல் ஏறப் போகிறவன். திட்டு வாங்கத்தானே வந்தான், வாங்கட்டும் என்று நினைத்தேன்.

முன்னோர் தட்டு வைக்கிற மேஜைக்கு விரிப்பு எடுக்க வீட்டுக்குள் போனேன். மேஜை போட்டிருப்பது அம்மாவின் அறையில். கட்டிலில் கல் படுத்திருந்தது. துணி கொஞ்சம் விலகி அவள் பெயரில் முதல் மூன்று எழுத்து தெரிந்தது. சாயங்காலம் நான் முட்டி போட வேண்டும். எல்லாவற்றுக்கும் மன்னிப்புக் கேட்டுவிட்டு இதை மட்டும் விட்டுவிட முடியுமா? கேட்டால் அவளுக்குத் தெரிந்துவிடும். கேட்காவிட்டாலும் தெரிந்துவிடும். அந்த அறையில் விரிப்போடு எவ்வளவு நேரம் நின்றேன் என்று எனக்கே தெரியாது. பிறகு விரிப்பைக் கல்லின் மேலேயே போட்டுவிட்டு வெளியே வந்தேன்.

"நிறுத்துண்ணே" என்றேன். கனூட் இன்னும் பேசிக்கொண்டிருந்தான். "உப்புப் போட்டது நான். உன்னோட சண்டை போட்டுக்கிட்டே மூணு கை அள்ளிப் போட்டேன். இவன் குடுக்கையைத்தான் நீட்டினான்."

கனூட் குடுக்கையைப் பார்த்தான், அப்புறம் என்னைப் பார்த்தான்.

ஹ்யூ பதறி, "பரவாயில்ல மிஸ் வெர்னெட்டா, நானே ஏத்துக்கறேன்" என்றான்.

அப்போதுதான் எனக்கு அவன்மேல் நிஜமான கோபம் வந்தது. "உன்னை யாருப்பா ஏத்துக்கச் சொன்னது?"

"என்னால முடிஞ்ச சின்ன உதவின்னு..."

"சின்னதுதான். செலவில்லாதது. செய்யாததுக்கு ரெண்டு நிமிஷத்துல மன்னிப்புக் கேக்க உனக்கு வாய் வருது. செஞ்சுகிட்டு இருக்கறது மேல நிக்குது, கம்பியும் பூட்டுமா. அதைப் பத்திப் பேச வரலியே."

அவன் மேலே சரிவைத் திரும்பிப் பார்த்தான்.

இமெல்டா என் கையைப் பிடித்தாள். "விடுடி. தெரியாமப் பண்ணின தப்பு. செத்தவங்களுக்கு மனசு பெரிசு, மன்னிச்சிடுவாங்க."

"மன்னிப்பாங்களோ மாட்டாங்களோ, அது அவங்க பாடு. கொப்பரை என் பாடு."

நாலு பேரைக் கூப்பிட்டு முன்னோர் கொப்பரையைக் கவிழ்த்தேன். நல்ல கறி. ஊரே பார்த்துக்கொண்டிருக்க, குழி வெட்டி மண்ணைத் தள்ளினோம். பன்றிக்குக்கூடப் போடவில்லை. அப்புறம் கொல்லைப் பக்கம் போய், அம்மாவின் கல்லுக்கென்று வளர்த்த ஆட்டைக் கயிற்றோடு அவிழ்த்துக்கொண்டு வந்தேன். வேறு ஆடு அந்த நேரத்துக்கு எங்கே போவது? இரண்டரை வருடம் என் கையால் தின்ற ஆடு. என் பின்னாலேயே வந்தது, எங்கேயோ மேயக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று நினைத்து. நான் அழுதேன். அழுகிறதை யாரிடமும் மறைக்கவில்லை.

"வெர்னெட்டா, அது சித்தி விருந்து ஆடு" என்றான் கனூட். அவன் குரலே மாறிவிட்டிருந்தது.

"தெரியும். கத்தியைப் புடி."

மறுபடி தண்ணீர், மறுபடி விறகு, மறுபடி வெங்காயம். ஹ்யூவைக் கொப்பரைப் பக்கம் நான் விடவில்லை. அவன் தானே போய் மரத்தடியில் விறகு பிளந்தான். கோடாலி பிடிக்கத் தெரியவில்லை, கையெல்லாம் கொப்புளம். மூன்று மணி வாக்கில் ஒரு கட்டு விறகோடு வந்து, தள்ளியே நின்று கேட்டான்.

"அந்த ஆடு எதுக்கு வச்சிருந்தீங்க?"

சொன்னேன். கல், கட்டில், வேலி, எல்லாவற்றையும் கிண்டிக்கொண்டே சொன்னேன். இந்தத் தடவை கொப்பரையைப் பார்த்துக்கொண்டே பேசினேன்.

"அங்க புதைச்சிருக்கீங்கன்னு இன்னிக்குக் காலைல வரைக்கும் எனக்குத் தெரியாது" என்றான். "வரைபடத்துல அங்க மரம்னுதான் போட்டிருக்கு. நிலம் என் பேருலயும் என் தங்கச்சி பேருலயும் இருக்கு. விக்கற பேச்சு வக்கீல் மூலமா நடக்குது. நான் அதை... வேற விஷயமா வச்சிருந்தேன். இது மன்னிப்பு, அது சொத்துன்னு."

"ரெண்டும் ஒண்ணுதான்பா" என்றேன். "தனித்தனியா வச்சிருந்தது உங்க வீட்டுலதான்."

விறகுக் கட்டை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு கேட்டான். "நீங்க எதுக்குத் திரும்பச் சமைக்கறீங்க? எல்லாரும் விட்டுடலாம்னுதான சொன்னாங்க?"

இதென்ன கேள்வி என்று எனக்குத் தோன்றியது. "கெடுத்தது யாரோ அவங்கதான திரும்பச் செய்யணும். வேற என்ன வழி இருக்கு?"

அவன் விறகை வைத்துவிட்டுப் போனான்.

நாலரை மணிக்குத் தட்டு அறைக்குள் போனது. உப்பில்லாத கறி, உருட்டின சோறு, ஒரு கிளாஸ் ரம். கதவைச் சாத்தினேன். வெயில் இறங்கும்போது மேளக்காரர்கள் வளையத்தில் ரம்மும் தண்ணீரும் தெளித்தார்கள். அதுவரை பசியில் சிணுங்கின குழந்தைகள் அப்போதுதான் சாப்பிட்டு முடித்தன, பெரியவர்கள் என்னை முறைத்தார்கள், நான் யாரையும் பார்க்கவில்லை.

கனூட் ஹ்யூவின் தோளைத் தொட்டு வளையத்தைக் காட்டினான். பழைய உற்சாகம் இல்லை, இருந்தாலும் ஏற்பாடு ஏற்பாடுதானே.

"இல்லங்க" என்றான் ஹ்யூ. "நான் வெளியவே நிக்கறேன்."

"அப்ப கடுதாசியையாவது படி. ஜனங்க கேக்கணும்னு இருக்காங்க."

அவன் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தான். காகிதத்தில் கரி பிடித்திருந்தது. "இதைப் படிக்கற அளவுக்கு இன்னும் எதுவும் நடக்கல" என்றான்.

மேளம் விழுந்தது. நான் வளையத்துக்குள் போய் முட்டி போட்டேன். மூன்று கை உப்புக்கு மன்னிப்புக் கேட்டேன். அதை வேறொருத்தன் தலையில் விட்டுவிடப் பார்த்த அந்தக் கொஞ்ச நேரத்துக்கும் கேட்டேன். அம்மாவிடம் மட்டும் தனியாக, ஆடு போய்விட்டது, இன்னும் கொஞ்சம் பொறுத்துக்கொள் என்று சொன்னேன்.

திங்கட்கிழமை ஹ்யூ ஹில்ஸ்பரோ டவுனில் வக்கீலைப் பார்க்கப் போனதாக இமெல்டா சொன்னாள். செவ்வாய்க்கிழமை கப்பலில் போய்விட்டான். என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை. துரை வீட்டுப் பிள்ளைதானே, போனது போனதுதான் என்று நானும் விட்டுவிட்டேன்.

நவம்பரில் தடிமனாக ஒரு உறை வந்தது. உள்ளே மூன்று சாமான். ஒன்று பத்திரம். சரிவில் அவனுடைய பாதிப் பங்கை எங்கள் ஊர்க் கமிட்டி பெயருக்கு எழுதிக் கொடுத்திருந்தான். தங்கை கையெழுத்துப் போடவில்லை. கோர்ட்டுக்குப் போவாளாம், வருடக்கணக்கில் இழுக்குமாம். ஆனால் பாதிக்காரர்கள் சம்மதிக்காமல் முழு நிலத்தை விற்க முடியாது என்றதும் ஹோட்டல்காரன் பின்வாங்கிவிட்டான். பூட்டை உடைக்கிற பெருமையைக் கனூட்டுக்கே விட்டுக்கொடுத்தேன். படகுப் பட்டறையிலிருந்து பெரிய கத்தரியைத் தூக்கிக்கொண்டு போய், போட்டோவுக்கு நின்றுவிட்டுத்தான் வெட்டினான். கூடவே, இது வெறும் ஆரம்பம்தான், நாட்டுக் கணக்கு அப்படியே நிற்கிறது என்று ஒரு பேச்சு. அதில் தப்பில்லை. நிற்கத்தான் செய்கிறது.

இரண்டாவது, ஆட்டுக்கென்று கொஞ்சம் பணம். அதை மறுநாளே திருப்பி அனுப்பினேன். நிலம் அவன் பாக்கி. ஆடு என் பாக்கி. ஒன்றை ஒன்றில் கலக்க நான் விட மாட்டேன்.

மூன்றாவது, நாலாக மடித்த அதே காகிதம், கரிக் கறையோடு. ஓரத்தில் பென்சிலால் ஒரு வரி எழுதியிருந்தான்: எப்போது படிக்கலாம் என்று நீங்களே சொல்லுங்கள்.

நான் பிரிக்கவில்லை. அம்மாவின் கல்லைக் கொஞ்சம் தூக்கி அதற்கடியில் வைத்தேன். கல்லை நிறுத்துகிற அன்றைக்கு அது எப்படியும் வெளியே வரும். அன்றைக்கு அவன் கப்பல் ஏறி வந்து தன் வாயால் படிக்கட்டும், அவளும் கேட்கட்டும் என்று பதில் எழுதிப் போட்டேன்.

வேலி திறந்துதான் கிடக்கிறது, கல்லை இப்போதே நட்டுவிடலாமே என்று ஊரில் ஆளாளுக்குச் சொல்கிறார்கள். ஆடில்லாமல் கல் நிறுத்தின வீடு எங்கள் பரம்பரையில் கிடையாது. பட்டாணி விற்ற காசில் ஒரு குட்டி வாங்கியிருக்கிறேன். கறுப்பு, நெற்றியில் வெள்ளை. தயாராக அடுத்த ஆகஸ்ட் ஆகிவிடும். இதுவரை அம்மாவைப் பாதி வழியில் நிற்க வைத்தது ஹார்க்ரோவ். இந்த ஒரு வருடம் நிற்க வைத்தது நான்.

போன வாரம் இமெல்டா கொல்லை வாசலில் நின்று கேட்டாள். "அவனை மன்னிச்சிட்டியா இல்லையா, எனக்கு அதை மட்டும் சொல்லிடு."

"பாதி நிலம் வந்திருக்கு, பாதி வரல" என்றேன். "குட்டி இப்பத்தான் புல்லு கடிக்க ஆரம்பிச்சிருக்கு. என்ன அவசரம் உனக்கு?"